கண்மாய் அனுமதியில் பறவைகளின் பருவமும் இடம்பெறட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூர் பக்கம் கண்மாய்ப் பாசனத்தில் நெல் போடுகிறவன். வண்டல் அள்ள தாசில்தாரே அனுமதி தரலாம் என்று 2024-இல் அரசு விதியைத் தளர்த்தியது நல்ல காரியம். வயலுக்கு வண்டல் வேண்டும், கண்மாயும் தூர்ந்துபோகக் கூடாது. என் குறையெல்லாம் எப்போது, எப்படி அள்ளுகிறார்கள் என்பதில்தான்.

போன தை மாதம் எங்கள் கண்மாயின் கருவேல மரங்களில் வக்கா என்கிற நீர்ப்பறவை குஞ்சு பொரித்திருந்த நேரத்தில், தண்ணீர் தேங்கும் உள்வாயில் ஜேசிபி இறங்கியது. சத்தத்துக்குத் தாய்ப் பறவைகள் எழும்பிப் போக, காக்கைகள் கூட்டுக்குள் புகுந்துவிட்டன. பார்க்கச் சகிக்கவில்லை. அள்ளிய விதமும் சரியில்லை. ஒரே இடத்தில் ஆள் உயரத்துக்கு மேல் தோண்டிவிட்டார்கள். இனி பெய்கிற மழைத் தண்ணீர் முதலில் அந்தப் பள்ளத்தில்தான் இறங்கும். மடை மட்டத்துக்குக் கீழே தேங்குவது வயலுக்குப் பாயாது. நத்தைகொத்தி நாரை முழங்கால் தண்ணீரில் நடந்து, அலகால் துழாவி நத்தை எடுக்கிற பறவை. செங்குத்துப் பள்ளத்தில் அது எங்கே நிற்கும்?

நீர்நிலைகளைக் காக்க 2017-ஆம் ஆண்டின் ஈரநில விதிகள் இருக்கின்றனவே என்பார்கள். பாசனத்துக்கென்றே வெட்டிய நீர்நிலைகளை அந்த விதிகளே விலக்கி வைத்திருக்கின்றன. எங்கள் சீமையில் கண்மாய் எல்லாம் பாசனத்துக்கு வெட்டியவைதானே! வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்களுக்கு 1977 முதல் சரணாலயம் என்ற காவல் உண்டு. பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர் அது. ஆனால் அங்கே கூடு கட்டுகிற பறவையும் இரைக்குச் சுற்றுவட்டாரக் கண்மாய்க்கும் வயலுக்கும்தான் வந்தாக வேண்டும்.

அதனால் அனுமதிச் சீட்டிலேயே நிபந்தனை வேண்டும். ஐப்பசியிலிருந்து பங்குனி வரை, கூட்டில் குஞ்சு இருந்தால் அது பறக்கும் வரை, மண் அள்ளக் கூடாது. பள்ளம் பறிக்காமல் பரவலாக அள்ளி, ஓரத்தைச் சரிவாக விட வேண்டும். கண்மாய்க் கருவேல மரங்களை வெட்ட விடுகிற ஏலத்துக்கும் இதே கெடு வைக்க வேண்டும். கூட்டையும் முட்டையையும் அழிப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்று ஏலம் எடுக்கிறவருக்கு யார் சொல்கிறார்கள்? சித்திரை முதல் ஆனி வரை கண்மாயும் வறண்டிருக்கும், வயலும் காலியாகக் கிடக்கும்; வண்டல் அடிக்க அதுவே போதும்.

இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. மாவட்ட ஆட்சியர் தாசில்தார்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் சரி. புரட்டாசிக்குள் அனுப்பினால் இந்த மழைக்காலத்துக்கே உதவும்.

இப்படிக்கு,
ஆயக்கட்டு விவசாயி ஒருவர்,
திருப்பத்தூர் வட்டம், சிவகங்கை மாவட்டம்.