அம்முச்சிகளுக்கு முதல் நன்றி

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

கோவை, திருப்பூர், ஈரோடு மூன்று மாவட்டத்துக்கும் சேர்த்துத் தாய்ப்பாலுக்கென்று ஒரு கூட்டமைப்பு வேண்டும் என்று பேச ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகிறது. முதல் கூட்டத்துக்கு வந்தவர்களை ஒரு ஆம்னி வேனில் அடக்கிவிடலாம். இந்த ஆகஸ்ட் தாய்ப்பால் வாரத்தில் நாற்காலி போதாமல் பக்கத்து டீக்கடை பெஞ்சைத் தூக்கி வந்தோம். நன்றியை மேடையிலேயே சொல்லியிருக்க வேண்டும். மைக் காலை வாரிவிட்டதால் இந்த மடல்.

வழக்கமாக டாக்டர்களில் தொடங்குவார்கள். நான் காங்கேயம் பக்கத்து அம்முச்சி (அம்மாவைப் பெற்ற பாட்டி) ஒருவரில் தொடங்குகிறேன். பிரசவம் ஆனதும் முதலில் சுரக்கும் சீம்பால் பற்றியும், ஆறு மாதம் வரை பச்சைத் தண்ணீர்கூட வேண்டாம் என்பது பற்றியும் படம் காட்டி முடித்தபோது அவர் எழுந்தார். "நீங்க சொல்றதெல்லாஞ் சரிங் கண்ணு. ராத்திரி புள்ள வீல்வீல்னு அழுவுது, பெத்தவ தையல் வலியில கெடக்கறா. பால் பத்தலையான்னு வீடே கேக்குது. அப்ப சக்கரத்தண்ணி வெக்காம கையக் கட்டிட்டு உக்காந்திருக்கறது ஆருங்க? நானுங்க. என்ரகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

கேட்கவில்லை. அதுவரை கர்ப்பிணிகளை மட்டும் கூப்பிட்டுப் பாடம் நடத்தினோம். வீட்டில் முடிவெடுக்கிறவர்கள் வெளித்திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். அதற்குப் பிறகுதான் மாமியார்களுக்கும் அம்முச்சிகளுக்கும் தனிக்கூட்டம் போட்டோம். ஒரு வாரம் தாண்டிய குழந்தை ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது துணியை நனைத்தால் பால் பத்துகிறது என்று அர்த்தம். இந்த ஒரு கணக்கைக் கொடுத்ததும் அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். துணி எண்ணுவதில் அவர்களை யாரும் ஏமாற்ற முடியாது.

பிறந்த குழந்தையின் நாக்கில் இனிப்பைத் தொட்டு வைக்கிற சேனைதான் பெரிய சிக்கலாக இருந்தது. தொட்டு வைப்பவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்ற நம்பிக்கையோடு மல்லுக்கட்ட முடியுமா? அதற்கும் அதே அம்முச்சிதான் வழி சொன்னார். சேனை வைக்கவேண்டிய பெரியவர் கையைக் கழுவிவிட்டு, பிள்ளையைத் தூக்கித் தாயின் மாரில் விடட்டும், குணம் அப்படியே இறங்கிவிடும் என்றார். பல வீடுகளில் இப்போது அதுதான் சேனை. எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் இது இல்லை.

அடுத்து கிராமச் சுகாதாரச் செவிலியர்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின் எண்களை ஒரு நோட்டுத்தாளில் எழுதிக்கொண்டு வந்து எங்கள் பெருமையை இறக்கி வைத்தவர் அவர்களில் ஒருவர். தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99 பிரசவத்துக்கு மேல் மருத்துவமனையில்தான் நடக்கிறது. ஆனாலும் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பால் குடித்த குழந்தைகள் 60 விழுக்காடு அளவில்தான். ஆறு மாதத்துக்கு உட்பட்டவர்களில் தாய்ப்பால் மட்டும் குடித்தவர்கள் 55 விழுக்காடு, இந்திய அளவிலோ 64. எல்லாம் நம்மிடம் நன்றாக இருக்கிறது என்ற நினைப்பு அன்றோடு போயிற்று. ஆபரேஷன் பிரசவம் முடிந்த தாய்க்குக்கூட, தியேட்டரை விட்டு வருவதற்குள்ளேயே பிள்ளையை மாரில் போட்டுக் கொடுக்கிற பிரசவ அறை நர்சுகளுக்கும், அதற்கு இடம் கொடுத்த டாக்டர்களுக்கும் நன்றி.

பனியன் கம்பெனிகளைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்ல வேண்டும். 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து முதல் இரண்டு பிரசவத்துக்கு 26 வாரச் சம்பள விடுப்பு உண்டு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் ஒரு நாளைக்கு நான்கு தடவை போய்ப் பார்த்து வரலாம். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. தைத்த பீஸுக்கு இவ்வளவு என்று பீஸ் ரேட்டில் ஓட்டுகிற, பதிவேட்டில் பேரே இல்லாத பெண்ணுக்கு இதில் எது கிடைக்கும்? தையல் மெஷினில் இருக்கும் ஒரு தங்கை சொன்னாள்: "மார்ல பால் கட்டிக்கிட்டு ஜாக்கெட் நனைஞ்சிருங்க்கா. பாத்ரூம்ல போயி பீய்ச்சிக் கொட்டிட்டு வருவேன். அழுகையா வரும்."

அதைக் கேட்டுக்கொண்டிருந்த ஷிப்ட் சூப்பர்வைசர் ஒருவர் அன்று எதுவும் பேசவில்லை. பத்து நாள் கழித்து போன் செய்தார். சாம்பிள் ரூமின் பாதியைத் தடுத்து, கட்டிங் வேஸ்ட் துணியில் திரை தைத்து, இரண்டு நாற்காலியும் ஒரு பழைய ஃபிரிட்ஜும் போட்டிருந்தார். பீய்ச்சிய பாலைச் சுத்தமான மூடிபோட்ட பாத்திரத்தில் வெளியே 4 மணி நேரம் வரை வைக்கலாம், ஃபிரிட்ஜில் இன்னும் நேரம் தாங்கும் என்று எழுதி ஒட்டியது மட்டும்தான் எங்கள் வேலை. அண்ணா, அந்தத் திரையின் கலர் சுமார்தான். ஆனால் உங்களுக்கு நாங்கள் பட்ட கடன் பெரியது.

பால் வங்கிக்குத் தங்கள் பாலைக் கொடுத்த தாய்மார்களுக்கும், ரத்தப் பரிசோதனைக்குச் சலிக்காமல் கை நீட்டியதற்கும் நன்றி. 1989-இல் மும்பை சயான் மருத்துவமனையில் தொடங்கிய வேலை இன்று நம் ஊரிலும் நடக்கிறது. பால் வங்கியில் 62.5 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கித் தருகிற பால், எடை குறைந்து பிறந்த குழந்தைகளுக்குச் சொட்டுச் சொட்டாய்ப் போகிறது. ஐஸ் பெட்டியை டேங்கின் மேல் வைத்துக்கொண்டு டூ வீலரில் வந்து இறங்கும் கணவர்மார்களையும் மறக்கவில்லை.

குழந்தைகளுக்கான பால் பவுடர் டப்பாக்களை முன்னலமாரியிலிருந்து உள்ளே எடுத்து வைத்த மருந்துக்கடைக்காரர்களுக்கு ஒரு தனி வணக்கம். 1992 சட்டம் அதன் விளம்பரத்தையும் இலவச மாதிரியையும் தடுக்கிறது என்று நாங்கள் நோட்டீஸ் கொடுத்தபோது, ஒருவர் படித்துப் பார்த்துவிட்டு, "இதை இத்தனை வருஷம் யாரும் வந்து சொல்லலையே" என்றார். பால் பவுடர் கம்பெனிகளின் காசு ஒரு ரூபாய்கூட வேண்டாம் என்று முதல் கூட்டத்திலேயே முடிவு செய்தோம். அதனால்தான் இன்றுவரை கூட்டத்தில் டீயும் முறுக்கும் மட்டும். பொறுத்துக்கொண்டதற்கு நன்றி.

2015-இல் அரசு பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகளைத் திறந்தது நினைவிருக்கும். நாங்கள் போய்ப் பார்த்த ஒன்றில் துடைப்பமும் பினாயில் கேனும் குடியிருந்தன, சாவி யாரிடம் என்றே தெரியவில்லை. அலைந்து திரிந்து சாவியைக் கண்டுபிடித்து, இன்று காலை ஆறு மணிக்கெல்லாம் அறையைத் திறந்து வைப்பவர் வாசலில் பூ விற்கிற அக்கா. சம்பளம் இல்லை. கேட்டால், "நானும் இந்த பஸ் ஸ்டாண்டுல முந்தானையில மூடிக் குடுத்தவதானே" என்கிறார்.

கடைசியாக ஒரு மன்னிப்பும் சேர்ந்த நன்றி. எங்கள் முதல் போஸ்டரில் 'பால் கொடுக்காதவள் தாயா?' என்கிற தொனியில் ஒரு வரி இருந்தது. எழுதியவள் நான்தான். சிகிச்சை காரணமாகப் பால் கொடுக்க முடியாமல் போன ஒரு தங்கை கூட்டம் முடியும் வரை இருந்து, என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அக்கா, நான் அதைப் படிச்சிட்டு மூணு நாள் சாப்பிடல" என்றாள். அன்று இரவே ஒட்டியதையெல்லாம் கிழித்தோம். இப்போது ஒவ்வொரு போஸ்டரும் அச்சுக்குப் போகும் முன் அவள் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். போன மாதம் இரண்டைத் திருப்பி அனுப்பினாள். நல்லது.

விட்டுப்போனவர்கள் கோபித்துக்கொள்ளாமல் போனில் திட்டவும்.

அன்புடன்,
உங்கள் ஒருங்கிணைப்பாளர்

பி.கு.: ஆகஸ்ட் கூட்டத்துக்கு வந்த டிபன் கேரியரில் இரண்டு எங்களிடமே இருக்கிறது. ஒன்றில் நீல நூல் கட்டியிருக்கிறது. அந்த முருங்கைக்கீரைப் பொரியல் யார் வீட்டுடையது என்றும் தெரிந்தாக வேண்டும்.