பதக்கத்தை வலப்பக்கம் அணியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஜூலை 26 கார்கில் வெற்றி நாள், 1971 போரை நினைவுகூரும் டிசம்பர் 16 வெற்றி நாள் நிகழ்ச்சிகளில் இறந்த வீரர்களின் வீட்டாரை நாற்காலியில் உட்காரவைத்து, சால்வை போர்த்தி அனுப்பிவிடுகிறார்கள். மதுரை வட்டாரத்தில் இனியாவது மனைவி, மகள், பேரன் என்று யார் வந்தாலும் முன்னாள் படைவீரர்களுக்கு அடுத்த அணியாக அவர்களை அணிவகுப்பில் நடக்கவிட வேண்டும்.

நடக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது பதக்கம். இட மார்பு அதைப் பெற்றவருக்கே உரியது. உறவினர் வல மார்பில்தான் குத்திக்கொள்ள வேண்டும். வரிசையை மாற்றிக் கோக்க வேண்டாம், பதக்கங்களைக் கோத்த பட்டை இருந்தபடியே இருக்கட்டும். ரிப்பன் நைந்திருந்தால் அதே நிறக்கோடுகள் உள்ள 32 மி.மீ. ரிப்பனாகப் பார்த்து மாற்றுங்கள். 1971 போரில் கிழக்கு முனைக்குப் பூர்வி ஸ்டார், மேற்கு முனைக்குப் பஸ்சிமி ஸ்டார் என்று பதக்கம் தனித்தனி. ரிப்பன் மாறினால் அவர் போரிட்ட முனையே மாறிப்போகும்.

புளி, சாம்பல், பிராஸோ போன்ற உலோக பாலிஷ் எதுவும் போடாதீர்கள். பழைய பதக்கங்களின் விளிம்பில் வீரரின் படை எண்ணும் பெயரும் பொடி எழுத்தில் பொறித்திருக்கும். தேய்த்தால் முதலில் போவது அதுதான். உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்தால் போதும். முதல் உலகப் போரின் பிரிட்டிஷ் வார் மெடல் பெரும்பாலும் வெள்ளி. தயவுசெய்து அதை உருக்கக் கொடுத்துவிடாதீர்கள். பல வீடுகளில் தாத்தா போருக்குப் போனதற்கு அந்த விளிம்பு எழுத்தைத் தவிர வேறு ஆதாரம் கிடையாது.

பதக்கம் இல்லாதவர்கள் படம் ஏந்தலாம். லேமினேட் செய்தால் வெயிலில் பளபளத்து முகம் தெரியாது; மங்கல் தாளில் எடுத்து அட்டையில் ஒட்டி, கீழே எண், பெயர், படைப்பிரிவு, ஊர் எழுதுங்கள். எண், படையிலிருந்து விடுபடும்போது தரும் டிஸ்சார்ஜ் புக்கில் இருக்கும். அது தொலைந்திருந்தால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டு அந்தப் படைப்பிரிவின் ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்டு ஆபீஸுக்கு எழுதுங்கள்: மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு வெலிங்டன், பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸுக்குப் பெங்களூரு. உலகப் போர்களில் இறந்தவர்களைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் தேடலாம். அந்தக் காலத்தில் மதுரையை ‘மதுரா’ என்றே ஆங்கிலத்தில் எழுதினார்கள். இன்றைய எழுத்தில் தேடினால் சிக்காது.

ராணுவ நடை நிமிடத்துக்கு 120 காலடி. குடும்ப அணிக்கு அது ஆகாது. மூத்தவர்களை முதல் வரிசையில் விட்டு, அவர்கள் நடைக்கு மற்றவர்கள் ஒத்துப்போக வேண்டும். பின்னால் நிறுத்தினால் நடுவில் இடைவெளி விழுந்து, ‘தாஹினே தேக்’ சொல்லும் நேரத்தில் அவர்கள் ஓடிவந்துகொண்டிருப்பார்கள். அந்தக் கட்டளைக்குத் தலையை வலப்பக்கம் திருப்பினால் போதும், சல்யூட் வேண்டாம். பியூகிள் ஊதுகுழலில் லாஸ்ட் போஸ்ட் என்ற அஞ்சலி இசை ஓய்ந்ததும் சிலர் கை தட்டிவிடுகிறார்கள். மௌனம் தொடங்குவதே அப்போதுதான். இதை முன்கூட்டியே தமிழில் அறிவித்துவிட வேண்டும்.

1962, 1965, 1971 போர்களில் இறந்தவர்களின் வீட்டாரையும், 1987 முதல் 1990 வரை இலங்கையில் அமைதிப்படையில் இறந்தவர்களின் வீட்டாரையும் அழையுங்கள். இலங்கை என்றதும் தயங்குகிறார்கள். அரசியலை யார் எப்படிப் பேசினாலும், அவர்கள் உத்தரவுக்குக் கட்டுப்பட்டுப் போனவர்கள். வீட்டில் இழப்பு ஒன்றுதான். ஒரு வாரம் முன்பே பெயர்களைக் கேட்டு வாங்கி, எண், பெயர், ஊர் என்று சிறப்புரைகளுக்கு முன்னால் வாசித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் படைவீரர்களும் குடும்பத்தினரும்,
திருமங்கலம், மதுரை மாவட்டம்.