சார்ஜர் இங்கேயே கிடக்கிறது

தம்பி,

ஸ்டோர்ரூமை ஒழித்துக்கொண்டிருந்தபோது உன் மின்சைக்கிள் சார்ஜர் கையில் கிடைத்தது. அந்தக் கறுப்புப் பெட்டிதான், 42 வோல்ட் என்று பின்னால் ஸ்டிக்கர் இருக்கிறது, நீயே வெள்ளை டேப் சுற்றி உன் பெயரை எழுதி வைத்திருக்கிறாய். சைக்கிள் உன்னோடு பொத்தோங் பாசிரில், உன் அறையில் இருக்கிறது. தினமும் ஓட்டுகிறாய் என்றும் கேள்விப்படுகிறேன். அப்படியானால் எதில் சார்ஜ் போடுகிறாய்?

போனில் கேட்டால் எல்லாம் சரிம்மா என்று சொல்லி வைத்துவிடுவாய். மெசேஜ் அனுப்பினால் இரண்டு நீலக் கோடு வருகிறது, பதில் வருவதில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கடைசிவரை படி.

ஒன்று, யாரிடமோ சார்ஜர் இரவல் வாங்கியிருப்பாய். இல்லையென்றால் பேட்டரியையே மாற்றியிருப்பாய். இரண்டில் எது என்றாலும் எனக்குத் தூக்கம் வரப்போவதில்லை. உன் சைக்கிளில் வந்தது 36 வோல்ட் பேட்டரி. உள்ளே வரிசையாகப் பத்து செல், ஒவ்வொன்றும் நிரம்பினால் 4.2 வோல்ட், பத்தும் சேர்ந்து 42. சாப்பாட்டு மேசையில் மின்கட்டண பில்லின் பின்பக்கத்தில் நீதான் எனக்கு வரைந்து காட்டினாய். 48 வோல்ட் பேட்டரி என்றால் பதின்மூன்று வரிசை, அதன் சார்ஜர் 54.6. பிளக் ஒரே மாதிரி இருக்கிறது என்று அதை இதில் செருகிவிடாதே. உள்ளே பிஎம்எஸ் இருக்கிறது, பேட்டரியைக் காவல் காக்கிற சின்ன போர்டு, அது தடுத்துவிடும் என்று சொல்வாய். தடுக்கும்தான், அது பழுதாகாத வரைக்கும். அங் மோ கியோவில் ஹார்ட் டிஸ்க் லைனில் மைக்ரோஸ்கோப்புக்கு முன்னால் உட்கார்ந்து போர்டு பார்த்தவள் நான். பார்வைக்கு ஒரு குறையும் இல்லாத போர்டுதான் டெஸ்ட்டில் தோற்கும், அது ஏன் என்று அந்த இஞ்சினியர்களுக்கே பல நேரம் தெரியாது. ஒரு செல் மட்டும் அளவுக்கு மேல் ஏறி உள்ளே ஷார்ட் ஆனால் சூடு பக்கத்து செல்லுக்குப் போகும், அதிலிருந்து அடுத்ததற்கு. பிளக்கைப் பிடுங்கினாலும் அது நிற்காது. இதையும் நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

2021 ஜூனில் உட்லண்ட்ஸில் லிப்டுக்குள் பேட்டரி தீப்பிடித்தது உனக்கு நினைவிருக்கும். செத்துப்போனது இருபது வயதுப் பையன். லிப்ட் கதவு மூடியபிறகு எங்கே ஓடுவான். அந்தச் செய்தி வந்த அன்று நம் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. நீ அன்று ராத்திரி எழுந்து போய் உன் பேட்டரியைத் தொட்டுப் பார்த்ததை நான் பார்த்தேன். அந்தப் பயம் நல்ல பயம், அது உன்னைவிட்டுப் போகக்கூடாது.

அறையில் எங்கே வைத்து சார்ஜ் போடுகிறாய்? கதவுப் பக்கமா? அங்கே வேண்டவே வேண்டாம். உனக்கு வெளியே போக இருப்பது ஒரு கதவு. தூங்கும்போது போடாதே. ஓட்டிவிட்டு வந்த சூட்டோடும் போடாதே, ஆறட்டும். மழையில் நனைந்திருந்தால் துடைத்துக் காயவைத்துப் போடு. பேட்டரி உப்பியிருந்தாலோ வேறு மாதிரி வாடை வந்தாலோ அதை அப்புறம் தொடாதே, சைக்கிள் கடையில் கேட்டு முறையாக எடுக்கச் சொல், குப்பைத் தொட்டியில் மட்டும் போட்டுவிடாதே. இதெல்லாம் குடிமைத் தற்காப்புப் படை நம் புளோக் லிப்ட் பக்கத்தில் ஒட்டியிருக்கிற நோட்டீஸிலேயே இருக்கிறது, உன் புளோக்கிலும் ஒட்டியிருப்பார்கள்.

அப்பா நன்றாக இருக்கிறார். கண் ஆபரேஷன் தேதி தள்ளிப்போயிருக்கிறது. எதிர்வீட்டு மலாய் மக்சிக்குக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். மற்றதைப் பிறகு எழுதுகிறேன்.

தோ பாயோ அத்தை உன்னை நொவீனா பக்கம் பார்த்தாளாம். ராத்திரி, காண்டோ குடியிருப்பு வாசலில், முதுகில் பெரிய பையோடு நின்றாயாம். கூப்பிடலாமா என்று யோசிப்பதற்குள் நீ உள்ளே போய்விட்டாயாம். என்னிடம் வந்து அவள் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. என் பிள்ளை எங்கே நின்றால் இவளுக்கென்ன என்று இருந்தது. அதை விடு.

உன் சைக்கிள் பேட்டரி 36 வோல்ட், 10 ஆம்ப் ஹவர். பெருக்கினால் 360 வாட் ஹவர். கிலோமீட்டருக்குப் பத்து வாட் ஹவர் என்று வைத்தால் முப்பத்தாறு கிலோமீட்டர் போகும். ஆபீஸுக்குப் போய்வர அது தாராளம். காலையிலிருந்து ராத்திரிவரை ஓட்டுகிறவனுக்குப் பத்தாது. அப்போதுதான் யாராவது வந்து சொல்வான், பெரிய பேக் நானே கட்டித் தருகிறேன், வேகமும் கூடும், பாதி விலை என்று. அந்த ஆளை நீ ஏற்கெனவே பார்த்துவிட்டாயோ என்பதுதான் என் கவலை. பழைய லேப்டாப்பில் கழற்றிய செல்லையும் புதுசையும் கலந்து கட்டுகிறவன் இருக்கிறான், நிக்கல் பட்டையை ஸ்பாட் வெல்ட் பண்ணாமல் சால்டரிங் அயர்னை வைத்து ஒட்டுகிறவன் இருக்கிறான். அந்தச் சூடு செல்லின் உள்ளே என்ன செய்யும் என்று சால்டர் பிடித்த கைக்குத் தெரியும். வெளியே நீலப் பிளாஸ்டிக் சுற்றிவிட்டால் உள்ளே இருப்பது யாருக்குத் தெரியப்போகிறது?

உனக்கு இதெல்லாம் தெரியாததில்லை. பாலிடெக்னிக் கடைசி வருஷம் நீ கட்டிய அந்தப் பின்சக்கரத்தை நான் யாரிடமும் சொல்லாமல் இருந்ததில்லை. ஹப் மோட்டாரை நடுவில் வைத்து, முப்பத்தாறு கம்பியையும் ஒவ்வொன்றாகக் கோத்து, சக்கரம் ஆடாமல் சுற்றும்வரை ராத்திரியெல்லாம் முடுக்கிக்கொண்டிருந்தாய். தட்டிப் பார்த்து சத்தத்தை வைத்தே எந்தக் கம்பி தளர்வு என்று சொன்னாய். அச்சு சுழன்று ஃபிரேமிலிருந்து பிடுங்கிக்கொள்ளாமல் இருக்க ஒரு இரும்புத் துண்டை நீயே அறுத்து வைத்தாய். ஸ்டாண்டில் சுற்றவிட்டுக் காட்டியபோது உங்கள் லெக்சரர் கைகொடுத்தார். ரோட்டில் ஓட்டிப் பாரேன் என்று அப்பா சொன்னதற்கு, இல்லப்பா, வீட்டில் கட்டியதற்கு சிங்கப்பூரில் அனுமதி கிடையாது, சோதித்து ஆரஞ்சு சீல் ஒட்டிய வண்டியைத்தான் ரோட்டில் எடுக்கலாம் என்று சொன்னாய். கட்டத் தெரிந்த கை, ஓட்டாமல் வைக்கவும் தெரிந்த பிள்ளை. எனக்கு அன்று அதுதான் பெருமையாக இருந்தது, கைகொடுத்தது இல்லை.

அப்படிப்பட்ட நீ இப்போது மணிக்கு 25 கிலோமீட்டரில் மோட்டார் நிற்பதை நீக்கிவிட்டாயா, மிதிக்காமலே ஓட்ட திராட்டில் போட்டுவிட்டாயா என்று நான் கேட்கவே கூடாது, ஆனாலும் கேட்கிறேன். மோட்டார் 250 வாட்டுக்கு மேல் கூடாது, மிதித்தால்தான் ஓடவேண்டும், வண்டியின் எடை 20 கிலோவுக்கு மேல் கூடாது. நிலப் போக்குவரத்து ஆணையத்துக்காரர்கள் நிறுத்திப் பார்த்தால் வண்டியே போய்விடும், அபராதம், சிறைவரை போகலாம். வண்டி போனால் அப்புறம் அந்த வேலைக்கு என்ன செய்வாய்? பிடிபடுவதுகூட இரண்டாவதுதான். 25இல் போகிறவன் 40இல் போனால் பிரேக் பிடித்து நிற்கிற தூரம் இரண்டரை மடங்குக்கு மேல் ஆகிறது, மழையில் அதற்கும் மேல். அந்தப் பிரேக்கும் ஃபிரேமும் அந்த வேகத்துக்குச் செய்ததில்லை.

அழகுபடுத்த ஆசை இருந்தால் செய்துகொள், நான் தடுக்கவில்லை. நல்ல சீட் போடு, உனக்கு முதுகு வலி உண்டு. பஞ்சர் ஆகாத மாதிரி கெட்டி டயர் போடு, பிரேக் பேடைத் தேயும்முன் மாற்று, பின்னால் வெளிச்சமான லைட் போடு. அப்பாவின் பழைய சைக்கிளுக்கு நீ அந்தத் தோல் கைப்பிடி தைத்துப் போட்டாயே, அந்த மாதிரி.

அப்பா உன்னைப் பற்றி எதுவும் கேட்பதில்லை. ஆனால் செய்தியில் சைக்கிள் என்று வந்தால் டிவி சத்தத்தைக் கூட்டி வைக்கிறார். நேற்று சாப்பிடும்போது தானாகவே சொன்னார், பஸ் ஸ்டாப்பில் நிற்கிற பஸ்ஸுக்கு இடது பக்கமாகப் புகுந்து போகிறவனை டிரைவரால் பார்க்க முடியாது, இறங்குகிறவர்களும் பார்க்கமாட்டார்கள் என்று. அத்தனை வருஷம் பஸ் ஓட்டியவர் என்னிடம் அதை ஏன் சொல்லவேண்டும்? நான் பஸ்ஸும் ஓட்டுவதில்லை, சைக்கிளும் ஓட்டுவதில்லை. உனக்குச் சொல்லத்தான் சொன்னார் என்று எடுத்துக்கொள். தீபாவளியன்று அவர் பேசியதைப் பற்றி இதில் நான் எழுதப்போவதில்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன். 2019 நவம்பரில் நடைபாதையில் மின் ஸ்கூட்டர் ஓட்டக்கூடாது என்று வந்ததே, உணவு கொண்டுபோகிற பிள்ளைகள் தொகுதிக் கூட்டங்களில் போய் நின்றார்களே, அன்று இதே அப்பாதான், அவன்கள் உழைத்துச் சாப்பிடுகிறவன்கள், ஒரு வழி காட்டிவிட்டுத் தடை போடலாமே என்று காப்பிக்கடையில் சண்டை போட்டுவிட்டு வந்தார். நீயும் அப்போது இருந்தாய். டிகிரி படித்தவனா படிக்காதவனா என்று அவர் அன்று பார்க்கவில்லை.

அப்புறம், 2025 ஜனவரியிலிருந்து ஆப் வழியாக டெலிவரி ஓட்டுகிறவர்களுக்கு வேலையில் அடிபட்டால் இழப்பீடு உண்டாம். 1995இலோ அதற்குப் பிறகோ பிறந்திருந்தால் மத்திய சேமநிதியும் கூடுதலாகச் சேர்கிறதாம். பேப்பரில் வந்ததை வெட்டி சார்ஜரோடு வைத்திருக்கிறேன். தெரிந்தவர்கள் யாருக்காவது உதவும்.

ராத்திரி பத்து மணிக்கு மேல் மழையில் ஓட்டாதே. வடிகால் மூடியும் ரோட்டில் போட்ட மஞ்சள் கோடும் நனைந்தால் வழுக்கும். ரோட்டில் ஹெல்மெட் இல்லாமல் இறங்காதே. நடைபாதையில் ஏறாதே, அவசரம் என்றால் இறங்கித் தள்ளிக்கொண்டு போ. ஆர்டர் தாமதமானால் நட்சத்திரம் குறையும், குறையட்டும்.

பேட்டரி பத்தவில்லை என்றால் உன் சைக்கிள் கம்பெனியின் அதே மாடலில் இரண்டாவது பேட்டரி வாங்கு. விலை அதிகம்தான், தெரியும், கடையில் விசாரித்தேன். நான் தருகிறேன். சும்மா வாங்க மனசில்லை என்றால் கடனாக வைத்துக்கொள், மாசாமாசம் கொடு. அதுவரை இந்தச் சார்ஜரைத் தவிர வேறு எதிலும் செருகாதே. இன்றைக்கே வந்து எடுத்துக்கொள். வீட்டுக்கு மேலே வரத் தோன்றவில்லை என்றால் கீழே வாய்ட் டெக்கில், புளோக்கின் அந்தத் திறந்த தளத்தில், நின்று போன் பண்ணு, நான் இறங்கி வந்து தருகிறேன். அப்பா மதியம் இரண்டு மணிக்குத் தூங்கினால் நாலுவரை எழமாட்டார். எழுந்திருந்தாலும் பரவாயில்லை, வா.

இப்போது எதில் சார்ஜ் போடுகிறாயோ அதன் பின்பக்க ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து அனுப்பு. வோல்ட் எண் தெளிவாகத் தெரியவேண்டும். தேக்காவில் நல்ல மழைக்கோட்டு பார்த்தேன், முதுகில் பை மாட்டினாலும் மேலே மூடுகிற மாதிரி இருக்கிறது. உனக்கு எல் போதுமா, எக்ஸெல் வாங்கட்டுமா? அதையும் போட்டோவோடு சேர்த்து எழுது.

அம்மா