வாசித்துத் தந்தவர்களுக்கு நன்றி

போலந்து, கலீசியா (இன்றைய தென் போலந்தும் மேற்கு உக்ரைனும் சேர்ந்த பகுதி) யூதக் குடும்பங்களின் வம்சாவளியைத் தேடும் எங்களுக்குக் கைகொடுத்த ஆவணக்காப்பக ஊழியர்களுக்கும், மொழிபெயர்த்தவர்களுக்கும், கல்லறைகளைப் படமெடுத்தவர்களுக்கும் வணக்கம்.

பழைய கையெழுத்தை வாசித்துத் தந்தவர்களுக்கு முதல் நன்றி. ரஷ்ய ஆட்சியில் இருந்த போலந்தில் 1868 முதல் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகள் ரஷ்ய மொழிக்கு மாறின. ரஷ்ய எழுத்தில் 'ஹ' கிடையாது; ஹெர்ஷ் என்பவர் கெர்ஷ் ஆகிவிடுவார். இது தெரியாமல் "பதிவே இல்லை" என்று கைவிட்டவர்கள் பலர். ஆண்டிறுதிப் பெயர்ப்பட்டியலில் ரஷ்ய நெடுங்கணக்கின் நான்காவது எழுத்தான Г ('க') கீழ் பாருங்கள் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். இரண்டு தேதி இருந்தால் முன்னது ரஷ்யாவின் பழைய ஜூலியன் நாட்காட்டி, பின்னது இன்று நாம் பயன்படுத்தும் கிரிகோரியன் நாட்காட்டி என்பதும் உங்களிடம் கற்றது. 19ஆம் நூற்றாண்டில் வேறுபாடு 12 நாள்: 1885 டிசம்பர் 25, 1886 ஜனவரி 6 ஆகும். ஆண்டே மாறிவிடுகிறது! பதிவின் தொடக்கத்தில் இருப்பது பதிவுசெய்த நாள். பிறந்த நாள் தந்தையின் வயது, தொழில், சாட்சிகளைத் தாண்டி உள்ளே வரும். பல ஆண்டு கழித்து, உடன்பிறந்தவர்களோடு ஒரே நாளில் பதிவான பிள்ளைகளும் உண்டு. அதனால் அடுத்தடுத்த எண்களையும் விடாமல் பார்த்துச் சொன்னீர்கள்.

ஆஸ்திரிய ஆட்சியில் இருந்த கலீசியாவின் சிக்கல் வேறு. சமயச் சடங்கோடு மட்டும் நடந்த திருமணத்தை அரசு ஏற்கவில்லை. பிள்ளைகள் தாயின் குடும்பப்பெயரில், மணவுறவுக்கு வெளியே பிறந்தவர்களாகப் பதிவானார்கள். பாட்டனாரின் பதிவில் அதைக் கண்டு கலங்கிய குடும்பங்களுக்கு, குறை சட்டத்தில்தான், பெற்றோரிடம் இல்லை என்று பொறுமையாக விளக்கினீர்களே, அந்த ஆறுதலுக்கு ஈடில்லை. தந்தை, தாய் இருவரின் குடும்பப்பெயரிலும் தேடும் பழக்கம் அப்படித்தான் வந்தது.

கல்லறைக்கல்லுக்குக் கம்பித் தூரிகையும் சவர நுரையும் ஆகாது. மென்தூரிகையும் தண்ணீரும் போதும். எழுத்து மங்கியிருந்தால் முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைப் பக்கவாட்டில் திருப்பிப் படமெடுத்தீர்கள். இறந்த ஆண்டு, எண்மதிப்புள்ள எபிரேய எழுத்துகளில் இருக்கும்: தாவ் 400, ரேஷ் 200, பே 80, தாலெத் 4, ஆக 684. இது யூத ஆண்டு 5684-இன் சுருக்கம்; 684-ஓடு 1240 கூட்டினால் நம் ஆண்டு 1924. இறந்தது யூதப் புத்தாண்டுக்கும் டிசம்பர் முடிவுக்கும் இடையே என்றால் 1923. கல்லில் தந்தையின் பெயரும் இருப்பதால் ஒரே கல் ஒரு தலைமுறையைக் கூட்டித் தருகிறது.

பெயர் பொருந்துகிறது, ஊரும் பொருந்துகிறது, ஆனாலும் "இவர் உங்கள் ஆள் இல்லை" என்று சொன்னவர்களுக்குத் தனி நன்றி. ஆசையோடு காத்திருப்பவரிடம் அதைச் சொல்ல மனவலிமை வேண்டும். தந்தை பெயரோ மனைவி பெயரோ ஒத்துவராத வரை கிளையில் சேர்க்காதீர்கள் என்ற உங்கள் கண்டிப்பால் பல குடும்ப மரங்கள் பிழைத்தன.

ஜெர்மனியிலுள்ள பாட் அரோல்சென் காப்பகத்தின் நாஜிக் கால ஆவணங்களில் உறவினரின் முடிவைக் கண்டறிந்து, அதைக் குடும்பத்தாரிடம் மென்மையாகச் சொன்னவர்களையும் மறக்கமாட்டோம்.

நீங்கள் தந்த ஒவ்வொரு மொழிபெயர்ப்போடும் காப்பகத்தின் பெயர், தொகுப்பு எண், ஆண்டு, பதிவு எண் நான்கையும் சேர்த்தே வைத்திருக்கிறோம். அடுத்து வருபவர் அதே பக்கத்துக்காக உங்களை மறுபடி சிரமப்படுத்த வேண்டியிருக்காது.

நன்றியுடன்,
வேர் தேடும் குடும்பங்கள்