முன்சக்கர ஆட்டத்தை நிறுத்திய அண்ணனுக்கு

முன்சக்கரம் ஆடுகிறதென்று சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு ஸ்போக்குகளைத் திருகிக்கொண்டிருந்தேன். அப்போது பக்கத்தில் வந்து நின்றவருக்கு இந்த நன்றி. பெயர் கேட்கக்கூடத் தோன்றவில்லை.

ரிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தார். டொக், டொக். "ஸ்போக்கை விடுங்க தம்பி, ஹப்புல கோன் லூசு" என்றார். ஹப் என்பது சக்கரத்தின் நடுப்பகுதி; அதன் அச்சில் பால்ரஸ் உருண்டைகளை அணைத்துப் பிடிக்கும் கூம்பு நட்டுதான் கோன். இரண்டு நாள் மெனக்கெட்டது வீண்!

பையிலிருந்து மெல்லிய கோன் ஸ்பேனரை எடுத்தார். சாதாரண ஸ்பேனர் அந்த இடுக்கில் நுழையாது. நான் முயன்று நட்டின் விளிம்பைத் தேய்த்ததுதான் மிச்சம். கோனைப் பூட்டிவைக்கும் லாக் நட்டைத் தளர்த்தி, கோனை விரலாலேயே பால்ரஸில் முட்டும்வரை திருகி, இம்மியளவு பின்னால் திருப்பினார். அப்புறம் கோன் நகராமல் பிடித்துக்கொண்டு லாக் நட்டை இறுக்கினார். அச்சைச் சுழற்றினால் கரகர. மறுபடி தளர்த்தினார். லாக் நட் இறுகும்போது கோனின் அழுத்தமும் மாறிவிடுமாம். மூன்றாவது தடவைதான் சரியாக வந்தது. அந்தப் பொறுமை எனக்கு இல்லை.

என்னுடையது குயிக் ரிலீஸ் சக்கரம், ஸ்பேனர் இல்லாமல் லீவரைத் திறந்தே கழற்றி மாட்டுவது. லீவரை மூடும்போது அச்சு துளி அமுங்கும் என்பதால், கழற்றிய நிலையில் மயிரிழை ஆட்டம் விட்டுவைத்தார். மாட்டி மூடியதும் அது காணாமல் போனது.

கிரீஸ் மாற்றச் சொன்னீர்களே அண்ணா, மாற்றிவிட்டேன். பக்கத்துக்கு 10 உருண்டை, 3/16 அங்குலம். ஒன்று மட்டும் கட்டிலுக்கடியில் ஓடி அரைமணி நேரம் தேடவைத்தது.