வலப்பக்கம் திரும்பினால் மட்டும்

சத்துவாச்சாரி,
வேலூர்.

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பெரியவளுக்கு வேலை கிடைத்ததில் எங்கள் வீட்டிலும் எல்லோருக்கும் சந்தோஷம். உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். ஆனால் கடைசிப் பக்கத்தில் உன் கார் புராணத்தைப் படித்ததும் பேனாவை வைத்துவிட்டேன். ஏபிஎஸ் (ஓங்கி பிரேக் போட்டாலும் சக்கரம் லாக் ஆகாமல் பார்த்துக்கொள்வது) லைட்டும், கார் சறுக்குவது மாதிரி படம் போட்ட லைட்டும் சேர்ந்து எரிகிறது, அப்புறம் தானாகவே அணைந்துவிடுகிறது, ஒர்க்‌ஷாப்பில் ஏபிஎஸ் கம்ப்யூட்டர் யூனிட்டையே மாற்றச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். போன வருடம் இதே கூத்து எனக்கும் நடந்தது. அதை முழுசாகச் சொல்கிறேன், கேள். அதுவரை யூனிட்டுக்கு அட்வான்ஸ் எதுவும் கொடுத்துவிடாதே.

பேரனுக்கு லீவு என்று ஏலகிரி கிளம்பினோம். நாம் காலேஜில் படிக்கும்போது வடஆற்காடு மாவட்டம் என்று ஒரே பெயரில் இருந்ததே, இப்போது அந்த மலை திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டது. வாணியம்பாடி வரை நெடுஞ்சாலையில் ஒரு பிரச்னையும் இல்லை. பொன்னேரி தாண்டி மலை ஏறினோம். 14 கொண்டை ஊசி வளைவில் மூன்றாவதோ நான்காவதோ வரும்போது இரண்டு மஞ்சள் லைட்டும் பளிச்சென்று எரிந்தன. முன்னால் போன பஸ் நின்றதால் நானும் நின்றேன். பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் வண்டி பின்னால் உருண்டது. மேட்டில் வண்டியைப் பிடித்துக்கொள்ளும் வசதியும் வண்டி சறுக்காமல் பார்த்துக்கொள்ளும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலோடு (சறுக்கல் படம் போட்ட லைட் அதற்குத்தான்) சேர்ந்தது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பின்னால் வந்த பைக்காரன் என்ன சொன்னான் என்பதை எழுத முடியாது.

ஓரமாக நிறுத்தி, சாவியை அணைத்துப் போட்டேன். லைட் போய்விட்டது. இரண்டு வளைவு தாண்டியதும் மறுபடி எரிந்தது. இப்படி மூன்று தடவை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கமலாதான் சொன்னாள்: "ஏங்க, வலது பக்கம் ஒடிக்கும்போதுதான் எரியுது, பாத்தீங்களா?" நான் பார்க்கவில்லை. அந்த ஒரு வரியை நான் மதித்திருந்தால் ஐயாயிரம் ரூபாய் மிச்சமாகியிருக்கும்.

வேலூர் வந்ததும் வழக்கமாக விடும் ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். ஸ்கேனர் போட்டார்கள். முன் இடது சக்கரத்தின் வேகத்தைப் பார்க்கும் சென்சார் சர்க்யூட் என்று கோடு (பழுதைக் குறிக்கும் எண்) வந்தது. சென்சாரை மாற்றினார்கள், கோடை அழித்தார்கள், லைட் போச்சு. இரண்டு வாரம் நிம்மதி. அந்த இரண்டு வாரமும் நான் வீடு, பேங்க், கிரீன் சர்க்கிள் என்று நேர் ரோட்டில்தான் ஓட்டினேன் என்பது பிறகுதான் உறைத்தது. காட்பாடி ஸ்டேஷனில் தம்பியை இறக்கிவிட்டு, பார்க்கிங்கிலிருந்து ஸ்டியரிங்கை முழுக்க வலப்பக்கம் ஒடித்து வண்டியை எடுத்தேன். திரும்பவும் இரண்டு லைட். இந்தத் தடவை அவர்கள், "சார், சென்சார் புதுசு, அப்போ யூனிட்தான் போயிருக்கு, 45,000 ஆகும்" என்றார்கள். அவர்கள் ஏமாற்றினார்கள் என்று நான் சொல்லமாட்டேன். கோடு என்பது எந்தத் தெருவில் தகராறு என்று மட்டும்தான் சொல்லும், எந்த வீடு என்று சொல்லாது. அவர்கள் வீட்டு நம்பரையும் சேர்த்தே படித்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

பிறகு இங்கேயே நம் தெருமுனையில் இருக்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியன் பையனிடம் போனேன். அவன் கேட்ட முதல் கேள்வி, "எப்ப எரியுது சார்?" கமலா சொன்னதைச் சொன்னேன். லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு என்னை ஓட்டச் சொன்னான். நான்கு சக்கரத்தின் வேகமும் நான்கு எண்ணாக ஓடிக்கொண்டிருந்தன. நேராகப் போகும்போது 20, 20, 20, 20. திரும்பினால் வெளிப்பக்கச் சக்கரம் கொஞ்சம் அதிகம் காட்டும், அது சரிதான் என்றான். காலி மைதானத்தில் வலப்பக்கம் முழுக்க ஒடித்தேன். மற்ற மூன்றும் 12, 13 என்று இருக்க, முன் இடது மட்டும் பொத்தென்று சைபருக்கு விழுந்தது. ஓடுகிற வண்டியில் ஒரு சக்கரம் மட்டும் நின்றுவிட்டதாக கம்ப்யூட்டருக்குச் செய்தி போனால் அது என்ன செய்யும்? நம்பாமல் எல்லாவற்றையும் ஆஃப் செய்துவிடுகிறது. சறுக்கலைக் கணக்குப் போடவும் அதே சக்கர வேகம்தான் வேண்டும் என்பதால் அந்த லைட்டும் கூடவே எரிகிறது.

எங்கள் வண்டியில் சென்சாருக்குப் பிளக் சக்கரத்தடியிலேயே இருக்கிறது. அங்கிருந்து மேலே போகிற வயர் தனி. சென்சாரை மாற்றியவர்கள் வயரைத் தொடவேயில்லை. பையன் பேட்டரியைக் கழற்றினான், வயரின் இரண்டு பக்கப் பிளக்கையும் பிரித்து மல்டிமீட்டரை பீப் சத்தத்தில் வைத்தான், வயர் அறாமல் இருந்தால் அது கத்தும். கமலா ஸ்டியரிங்கில். நேராக இருக்கும்போது மீட்டர் விடாமல் கத்தியது. "இப்ப திருப்புங்கம்மா." பாதி வரை கத்தியது, முழுக்க ஒடித்ததும் வாயை மூடிக்கொண்டது. திருப்பிக் கொண்டுவந்தால் மறுபடி கத்தல். வயரை விரலால் தடவிக்கொண்டே போய் ஓர் இடத்தில் மெதுவாக இழுத்துக் காட்டினான். மேல் உறை ரப்பர் பேண்ட் மாதிரி நீண்டது. உள்ளே செம்பு அறுந்திருந்தால்தான் அப்படி நீளுமாம். வெளியே ஒரு கீறல்கூடக் கிடையாது.

ஏன் அறுந்தது தெரியுமா? அதற்கு ஆறு மாதம் முன்னால் ஷாக் அப்சார்பர் மாற்றியிருந்தேன். அந்த வேலையில் வயரைப் பிடித்திருக்கும் ரப்பரை கிளாம்பில் திரும்ப மாட்டாமல் விட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் வயர் இழுபட்டு இழுபட்டு அறுந்திருக்கிறது. ஒட்டுப்போட்டு சாலிடர் வைத்தால் அந்த இடம் விறைத்துப் பக்கத்தில் மறுபடி ஒடியும் என்று அந்தத் துண்டு வயரையே புதுசாகப் போட்டான். எல்லாம் சேர்த்து 1,800 ரூபாய். பிறகு இரண்டு முறை ஏலகிரி போய்விட்டோம், லைட் வரவில்லை.

ஆனால் உன் வண்டியிலும் வயர்தான் என்று நினைத்துக்கொண்டு சக்கரத்தடியில் படுத்துவிடாதே. நீ எழுதியது வேறு மாதிரி இருக்கிறது: காலையில் முதல் ஸ்டார்ட்டில் எரிகிறது, கொஞ்ச தூரம் போனால் போகிறது, மத்தியானம் வருவதேயில்லை. திருப்பத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. எனக்கு பேட்டரி மேல்தான் சந்தேகம். உன்னுடையது நான்கு வருடம் ஆனது இல்லையா? காலையில் கதவைத் திறப்பதற்கு முன்... சரி, பானெட்டைத் திறக்காமல் முடியாது, சாவி போடுவதற்கு முன் என்று வைத்துக்கொள். மீட்டர் வைத்துப் பார். நல்ல பேட்டரி 12.6 வோல்ட் பக்கம் காட்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. யாரையாவது ஸ்டார்ட் செய்யச் சொல்லி அந்த நொடியில் எவ்வளவு இறங்குகிறது என்றும் பார். 10-க்குக் கீழே நன்றாக இறங்கினால் அந்த நேரத்தில் ஏபிஎஸ் கம்ப்யூட்டர் மிரண்டுபோவது சகஜம். ஓடும்போது பொதுவாக 14 பக்கம் இருக்க வேண்டும். டெர்மினலில் வெள்ளையாகப் பூத்திருந்தால் முதலில் அதைச் சுத்தம் செய். எர்த் வயரையும் ஆட்டிப் பார்.

இன்னொன்று. மஞ்சள் லைட் மட்டும் என்றால் சாதாரண பிரேக் பிடிக்கும், ஓங்கி மிதித்தால் சக்கரம் லாக் ஆகலாம், அதனால் இடைவெளி விட்டு ஓட்டு. கூடவே சிவப்பு பிரேக் லைட்டும் எரிந்தால் அது வேறு விஷயம், ஓட்டாமல் நிறுத்திவிட்டு முதலில் பிரேக் ஆயிலைப் பார். இதில் விளையாடாதே.

ஆடிக் கிருத்திகைக்கு ரத்தினகிரி போகலாம் என்று கமலா இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறாள். நீங்கள் இரண்டு பேரும் வாருங்கள். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயில் அவள் வைக்கும் காரக்குழம்பை நீ இன்னும் மறந்திருக்கமாட்டாய். வரும்போது கார் வேண்டாம், காட்பாடி வரை ரயிலில் வா, நான் ஸ்டேஷனுக்கு வருகிறேன். வலப்பக்கம் முழுக்க ஒடித்துத்தான் வண்டியை எடுப்பேன், நீயே பார்த்துக்கொள்.

மீட்டர் என்ன காட்டியது என்று மறக்காமல் எழுது.

உன்,
பாலு