எல்ம்ஹர்ஸ்ட்டிலிருந்து ஒரு சித்திரைக் கடிதம்

எல்ம்ஹர்ஸ்ட், குயின்ஸ்,
நியூயார்க்.
பிலவ ஆண்டு, சித்திரை 2 (15-4-2021)

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

வணக்கம். இங்கு நாங்கள் மூவரும் நலமாக இருக்கிறோம். அங்கு உங்கள் நலமும் அண்ணன் வீட்டார் நலமும் அறிய ஆவல்.

நியூயார்க்கில் ஆசியர்களைத் தெருவில் கண்டால் அடிக்கிறார்களாமே, நீ வேலைக்கு எப்படிப் போய் வருகிறாய் என்று போன வாரம் தொலைபேசியில் அப்பா கேட்டீர்கள். மருந்துக்கடையில் கூட்டம் நெருக்கிக்கொண்டிருந்த நேரம் அது. இரண்டு வார்த்தைக்கு மேல் பேச முடியவில்லை. இரண்டு வார்த்தையில் சொல்லி முடிகிற விஷயமும் இல்லை என்பதால் இன்று விடுமுறையில் உட்கார்ந்து விரிவாக எழுதுகிறேன். அம்மாவுக்கும் படித்துக் காட்டுங்கள்.

நீங்கள் பார்த்த செய்தி உண்மைதான். மார்ச் 29-ஆம் தேதி டைம்ஸ் சதுக்கத்துக்கு அருகில், தன் போக்கில் நடந்து போய்க்கொண்டிருந்த 65 வயதுப் பிலிப்பைன்ஸ் அம்மையார் ஒருவரை ஒருவன் உதைத்துக் கீழே தள்ளி மிதித்தான். பக்கத்துக் கட்டடத்துக்குள் நின்றவர்கள் கதவைச் சாத்தியதும் கேமராவில் பதிவாகி, உலகம் முழுவதும் அதைப் பார்த்தது. அதற்கு இரண்டு வாரம் முன்பு அட்லாண்டா பகுதியில் ஒருவன் எட்டுப் பேரைச் சுட்டுக் கொன்றான். அவர்களில் ஆறு பேர் ஆசியப் பெண்கள். ஆசியர்கள் மீதான வன்முறைகளைத் தொகுத்துவரும் 'ஸ்டாப் ஏஏபிஐ ஹேட்' என்ற அமைப்புக்கு, சென்ற ஆண்டு மார்ச் 19 முதல் இவ்வாண்டு பிப்ரவரி 28 வரை நாடெங்கிலுமிருந்து 3,795 புகார்கள் வந்திருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை அடிதடி அல்ல, வசவுகள். புகார் கொடுத்தவர்களிலோ ஆண்களைவிடப் பெண்கள் இரு மடங்குக்கும் மேல். நாட்டின் அப்போதைய அதிபர் டிரம்பே மேடைதோறும் கொரோனாவைச் 'சீன வைரஸ்' என்று பேசிவந்தபோது, தெருவில் போகிறவன் வாய்க்கு யார் பூட்டுப் போட முடியும்?

இந்தக் கோபம் நோய்க்கு முன்பே வந்துவிட்டது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இந்நகரில் முதல் தொற்று உறுதிசெய்யப்பட்டது சென்ற ஆண்டு மார்ச் 1-ஆம் தேதி. ஆனால் பிப்ரவரி மாதத்திலேயே, சீனர்கள் மிகுதியாக வாழும் மான்ஹாட்டன் சைனாடவுனிலும் எங்கள் குயின்ஸில் உள்ள ஃபிளஷிங்கிலும் உணவகங்களில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு நோயாளிகூட இல்லாத தெருவுக்குப் போக மக்கள் அஞ்சினார்கள். சைனாடவுனுக்கு அந்த ஆண்டின் தொடக்கமே சரியில்லை. சீனப் புத்தாண்டுக்கு இரண்டு நாள் முன்பு, ஜனவரி 23-ஆம் தேதி இரவு, மல்பெரி தெரு 70-ஆம் எண் கட்டடத்தில் தீப்பிடித்தது. அமெரிக்கச் சீனர் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருந்த சுமார் 85,000 பொருட்கள் அங்கேதான் இருந்தன: குடியேறியவர்களின் கடிதங்கள், திருமண உடைகள், சலவைக் கடைகளின் பொருட்கள். எல்லாம் போயிற்று என்றுதான் முதலில் அழுதார்கள். பிறகு, தண்ணீரில் ஊறிய பெட்டிகளை ஒவ்வொன்றாக வெளியே கொண்டுவந்து, பெரும்பகுதியை மீட்டுவிட்டார்கள். நூறாண்டுக்கு முந்தைய யாரோ ஒருவரின் கடிதத்தைக் காப்பாற்ற இவ்வளவு பேர் பாடுபட்டதைப் படித்தபோது, அப்பா டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கும் தாத்தாவின் ரங்கூன் கடிதங்களை நினைத்துக்கொண்டேன். அவற்றை அண்ணனிடம் சொல்லிப் படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

எங்கள் எல்ம்ஹர்ஸ்ட் பட்ட பாட்டை அப்போதே கொஞ்சம் சொல்லியிருக்கிறேன். வீட்டுக்கு அருகில் உள்ள 545 படுக்கைகள் கொண்ட அரசு மருத்துவமனையில், சென்ற மார்ச் கடைசி வாரத்தில், 24 மணி நேரத்தில் 13 பேர் இறந்தார்கள். வாசலில் பரிசோதனைக்கான வரிசை விடியும் முன்பே தொடங்கிவிடும். பிணங்களை வைக்கக் குளிர்பதன லாரி வந்து நின்றது. நூற்றுக்கு மேற்பட்ட மொழிகள் பேசும் பகுதி இது; வீட்டிலிருந்து வேலை செய்யும் வசதி இங்கே பலருக்கும் கிடையாது. டாக்சி ஓட்டும் வங்காளி, உணவகத்தில் பாத்திரம் தேய்க்கும் நேபாளி, மருத்துவமனையில் இரவுப்பணி பார்க்கும் பிலிப்பைன்ஸ் செவிலியர் எல்லாரும் அன்றாடம் ரயிலேறியே ஆக வேண்டும். செவிலியர்களைப் பற்றி ஒரு கணக்கு இன்னும் என்னை உறுத்துகிறது. நாட்டில் உள்ள பதிவுபெற்ற செவிலியர்களில் பிலிப்பைன்ஸ்காரர்கள் 4 விழுக்காடுதான். செவிலியர் சங்கம் ஒன்று செப்டம்பரில் வெளியிட்ட கணக்கின்படி, கொரோனாவால் இறந்த செவிலியர்களில் அவர்கள் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவு. ஊரார் உயிரைக் காக்கப் போய் உயிர்விட்ட அந்த இனத்துப் பெண்ணைத்தான் தெருவில் போட்டு மிதித்தார்கள். உட்சைடில், ரூஸ்வெல்ட் அவென்யூ ரயில் பாதையின் கீழ், பிலிப்பைன்ஸ் கடைகள் இருக்கும் இடத்தில் 'மபுஹாய்' (அவர்கள் மொழியில் 'வாழ்க') என்று பெரிதாக எழுதி அந்தப் பணியாளர்களுக்கு நன்றி சொல்லும் சுவரோவியம் ஒன்று இருக்கிறது. உங்கள் பேத்தி அதைத் தாண்டும்போதெல்லாம் நின்று கும்பிடுகிறாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

இனி, நான் ஏன் பயந்து ஒடுங்கிவிடவில்லை என்பதைச் சொல்கிறேன்.

இங்கே பல ஆண்டுகள் இருந்தும் பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டியோடு தலையசைப்பதற்கு மேல் எனக்குப் பழக்கமில்லை. அவரவர் கடை, அவரவர் கோயில், அவரவர் பண்டிகை என்று ஒரே தெருவில் தனித்தனியாக வாழ்ந்தோம். இந்த ஓராண்டில் அது மாறிவிட்டது. முதலில் மாற்றியது சோறுதான். ஊரடங்கு வந்த முதல் நாட்களிலேயே குயின்ஸ் வில்லேஜில் உள்ள சீக்கிய குருத்துவாராவில் விடிகாலையில் அடுப்பு மூட்டி, தனித்திருந்தவர்களுக்காக 30,000-க்கும் மேற்பட்ட சைவ உணவுப் பொட்டலங்களைக் கட்டிக் கொடுத்தார்கள். வருகிற எல்லாருக்கும் சோறு போடும் லங்கர் என்பது அவர்களுக்குப் புதிதல்ல. குருத்துவாராவுக்கு வர முடியாதவர்களின் வாசலுக்கு அதைக் கொண்டுபோய்ச் சேர்த்ததுதான் புதிது.

பிறகு 'ஹார்ட் ஆஃப் டின்னர்'. யின் சாங், மூன்லின் சாய் என்ற இரு இளம்பெண்கள், தனியாக இருக்கும் ஆசிய முதியவர்களுக்குச் சூடான சாப்பாடும் காய்கறியும் பழமும் அனுப்பத் தொடங்கிய வேலை இது. வயதானவர்கள் கடைக்குப் போக நோய்க்கும் பயம், அடிக்கும் பயம். பலருக்கு ஆங்கிலமும் தெரியாது. சாப்பாடு போகும் பழுப்புக் காகிதப் பை ஒவ்வொன்றின் மேலும் யாரோ ஒருவர் கையால் படம் வரைந்திருப்பார். உள்ளே அந்த முதியவரின் மொழியில் கையெழுத்துக் கடிதம் ஒன்று இருக்கும். வெளியூர்களிலிருந்தும் மக்கள் பை வரைந்து அனுப்புகிறார்கள். நாங்களும் சேர்ந்துகொண்டோம். உங்கள் பேத்தி பையின் நடுவில் புள்ளி வைத்து, அம்மா சொல்லிக் கொடுத்த தாமரைக் கோலத்தைப் போட்டுச் சிவப்பும் மஞ்சளும் தீட்டுவாள். கடிதத்துக்கான சீன எழுத்துகளைப் பக்கத்து வீட்டுப் பாட்டி முதலில் ஒரு தாளில் எழுதிக் காட்டினார். எந்தக் கோட்டை முதலில் இழுக்க வேண்டும், எதைக் கடைசியில் இழுக்க வேண்டும் என்பதற்கு வரிசை உண்டாம். மாடிப்படியில் ஆறடி தள்ளி உட்கார்ந்து, முகக்கவசத்துக்கு மேல் கண்ணால் சிரித்துக்கொண்டே, தவறாக எழுதினால் விரலை ஆட்டுவார். அவரும் குழந்தையும் இப்போது என்னைவிட நெருக்கம்.

அந்தப் பாட்டி வாய்விட்டு அழுததை ஒருமுறை பார்த்தேன். எலிசபெத் தெருவில் ஜிங் ஃபாங் என்று ஓர் உணவகம். சைனாடவுனிலேயே பெரியது, ஏறக்குறைய 800 பேர் உட்காரலாம். தள்ளுவண்டிகளில் ஆவி பறக்கும் டிம் சம் என்ற சீனச் சிற்றுண்டிக் கூடைகளைக் கொண்டுவருவார்கள். நம் ஊர்க் கல்யாண மண்டபத்தில் பந்தி நடப்பதுபோல இருக்கும். அவருடைய மகன் திருமணமும் பேரனின் முதல் பிறந்தநாளும் அங்கேதான் நடந்தன. சென்ற மாதம் 7-ஆம் தேதி அந்தக் கூடத்தை மூடிவிட்டார்கள். அவ்வளவு பெரிய இடத்துக்கான செலவை, நான்கில் ஒரு பங்கு, மூன்றில் ஒரு பங்கு இருக்கைகளை மட்டும் வைத்துக்கொண்டு எப்படிச் சமாளிப்பது? அங்கே வேலை பார்த்தவர்கள் பலரும் நடுவயதைத் தாண்டியவர்கள். அவர்கள் பதாகை ஏந்திக் கூடத்தைக் காப்பாற்றக் கோரினார்கள். 1920 முதல் டாயர்ஸ் தெருவில் இருக்கும் 'நாம் வா' என்ற சீனத் தேநீரகம் நூறாம் ஆண்டைத் தெருவில் மேசை போட்டாவது கடந்துவிட்டது. ஜிங் ஃபாங் கூடத்தால் முடியவில்லை. ஒரு கடை மூடினால் வேறொன்று திறக்கும் என்று சிலர் சொல்கிறார்கள். ஊர் கூடுகிற இடத்துக்கு அது பொருந்தாது என்பது என் கருத்து.

இவ்வாண்டு சீனப் புத்தாண்டு பிப்ரவரி 12-ஆம் தேதி வந்தது. உணவகங்களுக்குள் உட்கார்ந்து உண்ண மீண்டும் அனுமதித்ததும் அதே நாளில்தான். வழக்கமான பெரிய ஊர்வலம் இல்லை. ஆனால் மாட் தெருவின் மேல் நன்கொடை திரட்டி வரிசையாக விளக்குகள் கட்டியிருந்தார்கள். தெரு இருட்டாக இருந்தால் முதியவர்கள் மாலையில் நடக்க அஞ்சுகிறார்கள் என்பதும் அதற்கு ஒரு காரணம். புரூக்ளினில் அட்லாண்டிக் ரயில் நிலையத்தில், அமாண்டா பிங்போதிபக்கியா என்ற ஓவியர் வரைந்த ஆசிய முகங்களை நவம்பரில் பார்த்தேன். பூக்களுக்கு நடுவே நிமிர்ந்து பார்க்கும் அந்த முகங்களில் ஒன்றின் அருகில் 'நான் உங்கள் பலியாடு அல்ல' என்று எழுதியிருந்தது. மனித உரிமைகளுக்கான நகர ஆணையமே அவற்றை வைத்திருந்தது என்பது எனக்குப் பெரிய ஆறுதல். பிப்ரவரி 27-ஆம் தேதி ஃபோலி சதுக்கத்தில் கூடிய கண்டனக் கூட்டத்துக்கு நாங்களும் பாட்டி குடும்பத்தோடு போயிருந்தோம்.

நம் ஃபிளஷிங் பிள்ளையாரைப் பற்றி அம்மா கேட்பார்கள். 1977-இல் கும்பாபிஷேகம் ஆன கோயில் வெறிச்சோடிக் கிடந்ததை நினைக்கவே மனம் கனத்தது. மாதக்கணக்கில் கணினித் திரையில்தான் தரிசனம். அந்தக் கோயில் இருக்கும் பௌன் தெருவின் பெயருக்குரிய ஜான் பௌன், 1660-களில், குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரைத் தம் வீட்டில் வழிபட அனுமதித்ததற்காக நாடு கடத்தப்பட்டு, வழக்காடி வென்று திரும்பியவர். அப்படிப்பட்டவரின் தெருவில் இன்று பிள்ளையார் கோயிலும் சீனர், கொரியர் தேவாலயங்களும் அடுத்தடுத்து இருப்பது பொருத்தம்தான்.

நேற்று வருஷப் பிறப்பு. மாங்காய்ப் பச்சடிக்கு வேப்பம்பூ ஜாக்சன் ஹைட்ஸ் வங்காளிக் கடையில் கிடைத்தது; அவர்களுக்கும் இந்த வாரம் புத்தாண்டு, அதோடு ரமலான் நோன்பும் தொடங்கிவிட்டது. நேபாளிகளுக்கும் நேற்றுத்தான் ஆண்டுப் பிறப்பு, தாய்லாந்துக்காரர்களுக்கு அதற்கு முந்தைய நாள், சீக்கியர்களுக்கு வைசாகி. கூட்டம் கூட முடியாததால் தட்டுகள் மட்டும் வீடு மாறின. நான் பச்சடியும் வடையும் கொடுத்தேன். மாடியிலிருந்து நேபாளிகள் செல் ரொட்டி அனுப்பினார்கள். மாலையில் 34-ஆம் அவென்யூவுக்குப் போனோம். சென்ற மே மாதம் முதல் பகலில் வண்டிகளை நிறுத்தி, ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் தூரத்தை நடப்பவர்களுக்கு விட்டிருக்கிறார்கள். அங்கே குழந்தை பட்டுப்பாவாடையோடு சைக்கிள் ஓட்டினாள்.

ஆகவே அப்பா, கவனமாகத்தான் இருக்கிறேன். இரவுப்பணி முடிந்தால் அவர் வந்து அழைத்துப் போகிறார்; ரயில் மேடையில் சுவரோரம் நிற்கிறேன்; ஃபிளஷிங்கில் தொண்டர்கள் குழுவாகத் தெருக்களைச் சுற்றி வருகிறார்கள். பாட்டி மருத்துவரிடம் போகும் நாளில் எங்கள் இருவரில் ஒருவர் கூடப் போகிறோம். இங்கிருந்து புறப்பட்டு வந்துவிடு என்று மட்டும் இப்போது சொல்லாதீர்கள்.

எனக்குத் தடுப்பூசியின் இரண்டு தவணையும் முடிந்துவிட்டன. இம்மாதம் 6-ஆம் தேதியிலிருந்து, 16 வயதும் அதற்கு மேலும் ஆன எல்லாருக்கும் போடுகிறார்கள் என்பதால் அவருக்கும் முதல் தவணை ஆயிற்று. உங்களைப் பற்றித்தான் கவலையாக இருக்கிறது. நம் நாட்டில் தொற்று மறுபடி ஏறுகிறது என்று நாளுக்கு நாள் செய்தி வருகிறது. இரண்டாம் தவணை ஊசியைத் தள்ளிப் போடாதீர்கள். அப்பா கடைத்தெருவுக்கு முகக்கவசம் இல்லாமல் போவதாக அண்ணி சொன்னார்கள். இங்கே நான் பார்த்ததை நினைத்துச் சொல்கிறேன், தயவுசெய்து போட்டுக்கொள்ளுங்கள். அம்மாவின் சர்க்கரை அளவையும், மாத்திரைகளின் பெயரையும் பதில் கடிதத்தில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்